மலைக்கு வயது கேட்கிறவர்களுக்கு

பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று தவறாமல் வரும். இந்தியாவின் மிகப் பழமையான மலை எது? ஆரவல்லி என்று எழுதினால் மதிப்பெண். நானும் எழுதி வாங்கியிருக்கிறேன். நிலவியல் படிக்க வந்து மூன்றாம் ஆண்டில்தான் அந்தக் கேள்வியே கோணல் என்று பட்டது. எதன் வயதைக் கேட்கிறார்கள்? கல்லின் வயதையா, அந்தக் கல் இன்று உயர்ந்து நிற்கும் மேட்டின் வயதையா?

ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையின் கல் சார்னோக்கைட். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போல் ஒரு மங்கிய பச்சை தெரியும். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஆனால் இது மலையுச்சியில் உருவான கல் இல்லை. நிலத்துக்கு அடியில் 20, 25 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் உருவானது. அப்படியானால் அதன் மேல் இருந்த 20 கிலோமீட்டர் பாறை எங்கே? மழையும் ஆறும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. நாம் குரங்குக்குப் பொரி போட்டுக்கொண்டு ஏறுவது அந்தப் பழைய மலையின் வேர் மீது. இன்று கண்ணுக்குத் தெரியும் மேடும் பள்ளமும் அந்த வேரைப் பின்னால் ஆறுகள் செதுக்கியதில் வந்தவை. கல் கிழம், மலை இளசு.

நம்ப முடியவில்லை என்றால் ஓசூரிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாருங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் சாம்பலும் வெள்ளையும் வரிவரியாக ஓடும் நைஸ் பாறைகள். தருமபுரியைத் தாண்டத் தாண்ட சார்னோக்கைட் கூடிக்கொண்டே போகும். தெற்குப் பக்கம் அதிகமாக உயர்ந்து அதிகமாகத் தேய்ந்திருப்பதால், தெற்கே போகப் போக நாம் புவியோட்டின் ஆழத்துக்குள் போகிறோம். பயணச் சீட்டு விலையில் பாதாளப் பயணம்!

கதை இப்படிப் போகிறது. 260 முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பாறைக்குழம்பு பெருமளவில் எழுந்து உறைந்தது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் செருகும் இடங்களில் எழும் குழம்பைப் போன்றது அது என்பது பலரின் முடிவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெளிர்நிற அனார்த்தோசைட்டும் ஏறக்குறைய அந்தக் காலத்ததுதான். (சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ நிலவு மண் தயாரித்தது இந்தக் கல்லை அரைத்துத்தான்.) உறைந்த கொஞ்ச காலத்திலேயே அதே பாறைகள் மறுபடி வெந்து உருமாறின. சிர்கான் மணிகளில் நடுப்பகுதிக்கு ஒரு வயதும் விளிம்புக்கு ஒரு வயதும் வருவதை வைத்து இதைச் சொல்கிறார்கள். பிறகு நீண்ட ஓய்வு. 75 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏலகிரியில் புதிய குழம்பு புகுந்தது. கடைசியாக, பாலக்காடு-காவிரிப் பிளவு வலயத்துக்குத் தெற்கே, மதுரை, கொடைக்கானல் பக்கம் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் அடுப்பு மூட்டப்பட்டது. சில இடங்களில் சூடு 900 டிகிரியைத் தாண்டியது. இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் கோண்டுவானாவாக ஒட்டிய காலம் அது. அந்த வலயத்தில் ஒரு கடல் மூடிக்கொண்டதா, இல்லை பழைய விரிசல்தான் மறுபடி நகர்ந்ததா என்று இன்னமும் சண்டை.

இந்த மொத்தக் கதையையும் 'பழமையான மலை' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவதுதான் என் கோபம். பழசு என்றால் முடிந்துபோனது என்று நினைத்துவிடுகிறோம். முடியவில்லை. சார்னோக்கைட் விஷயத்தையே பாருங்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்த பெயர் அது. கல் போனது நம் சென்னைப் பக்கத்திலிருந்து. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும், அது நீரற்ற குழம்பு உறைந்து வந்ததா, இல்லை ஆழத்திலிருந்து வந்த கரியமில வாயு நீரை விரட்டியதால் நைஸ் அப்படி மாறியதா என்ற வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இடத்துக்கு இடம் தீர்ப்பு மாறுகிறது. சாட்சி இருப்பது இரண்டு பாறைகளும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில்.

அந்த விளிம்புகள்தான் ஜல்லியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கள ஆய்வுக்குப் போனபோது தருமபுரிப் பக்கம் ஒரு கல்குவாரிச் சுவரில் நைஸுக்குள் பச்சை திட்டுத்திட்டாகப் பரவியிருந்ததைப் பார்த்தோம். அடுத்த ஆண்டு ஜூனியர்கள் போனபோது சுவரே இல்லை. குவாரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் விடுதிக் கட்டிடமும் அந்த ஜல்லிதான். பரங்கிமலைக் கல்லை இந்திய புவியியல் ஆய்வு மையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது போல் எல்லாவற்றையும் அறிவிக்கவும் முடியாது. வெடி வைக்கும் முன் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் போய்ப் படம் எடுத்து, திசையும் இடமும் குறித்து, ஒரு துண்டு எடுத்துவர அனுமதி இருந்தால் போதும். குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி.

அந்தச் சுவரிலிருந்து நான் எடுத்துவந்த துண்டு மேசையில் இருக்கிறது. பாதி சாம்பல், பாதி பச்சை. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வடக்கு என்று குறிக்க மறந்துவிட்டேன். ஆய்வகத்தில் காட்டியபோது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.