மலையகப் பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துறையின் வாசல்: ஒரு கோரிக்கைச் சாசனம்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரும், அங்கே கற்பிக்கும் ஆசிரியர்களும், அங்கே படித்து வெளியேறியவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். கல்வி அமைச்சு, சுகாதார அமைச்சு, மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாண நிர்வாகங்கள், பெருந்தோட்டக் கம்பனிகள் ஆகியோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்து 2023இல் இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. நாட்டில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி எங்கள் லயங்களை எட்ட, 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும்வரை காத்திருந்தோம். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையின் மிச்சப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம். எல்லாம் கிடைத்தன, எல்லாம் பிந்தியே கிடைத்தன. அந்தக் கணக்கில் சுகாதாரத் துறையும் சேர நாங்கள் விடமாட்டோம். வைத்தியசாலையின் நோயாளர் வரிசையில் எங்கள் மக்கள் நிறைய நிற்கிறார்கள். மருந்து கொடுக்கும் பக்கத்தில், இரத்தம் பரிசோதிக்கும் மேசையில், பிரசவ அறையில் எங்கள் பிள்ளைகள் மிகக் குறைவு. இதை மாற்றும் வழி எல்லோருக்கும் தெரியும். எப்போது தொடங்குவது என்பதற்கு மட்டுமே இன்னும் பதில் வரவில்லை.

1. தரம் 9இலேயே சுகாதாரத் தொழில்களை அறிமுகப்படுத்துங்கள். டொக்டர், நர்ஸ் என்ற இரண்டு பெயர்களைத் தவிர வேறொன்றும் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. மருந்தாளர், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், ரேடியோகிராபர், இயன்முறைச் சிகிச்சையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல உத்தியோகத்தர், 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் பணியாற்றும் அவசர சிகிச்சைப் பணியாளர் என்று எத்தனையோ பதவிகள் இருக்கின்றன. இந்த வேலைகளைச் செய்பவர்களே ஆண்டுக்கு ஒரு வாரம் பாடசாலைக்கு வந்து தமிழில் பேச வேண்டும்: என்ன படித்தார்கள், எந்தப் பாடத்தில் தடுமாறினார்கள், மாதச் சம்பளம் என்ன என்பதுவரை சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகு சொல்வதில் பயனில்லை. விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் பிள்ளை அதற்கு முன்பே கைவிட்டிருக்கும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.

2. வைத்தியசாலைகளின் கதவுகளை மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். இந்திய உதவியோடு கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலை, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி வைத்தியசாலைகள், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஆகியவை மாதத்தில் ஒரு நாளைத் தரம் 10 முதல் 13 வரையுள்ள மாணவர்களுக்கு ஒதுக்க வேண்டும். சிறு குழுக்களாக ஆய்வுகூடம், மருந்தகம், எக்ஸ்ரே பிரிவு, தாய் சேய் கிளினிக் ஆகியவற்றைப் பார்க்கட்டும். நோயாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் விதிகளை வைத்தியசாலையே வகுக்கட்டும். அவற்றைக் கடைப்பிடிக்கக் கற்பதும் இந்தத் தொழிலின் முதல் பாடம்தான். நோயாளியாக மட்டுமே வைத்தியசாலைக்குள் போன பிள்ளை, நாளைய ஊழியராக ஒருமுறை உள்ளே போய்வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு பஸ் கட்டணம்.

3. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழிமூல உயர்தர உயிரியல் பிரிவை உறுதிப்படுத்துங்கள். பெரும்பாலான சுகாதாரத் தொழில்களுக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவே வாசல். அந்தப் பிரிவு இருப்பது 1ஏபி பாடசாலைகளில். எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் மிகப் பல, அந்தப் பிரிவு இல்லாத 1சி, வகை 2, வகை 3 என்ற நிலையிலேயே நிற்கின்றன. பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவில் சேரும் மாணவியைப் பார்த்து, அவளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வமில்லை என்று சொல்வது நியாயமாகாது. ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த ஆகிய ஐந்து வலயங்களிலும், பதுளை, இரத்தினபுரி, கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளிலும் எந்தெந்தப் பாடசாலைகள் தரமுயர்த்தப்படும் என்ற பட்டியலை இந்த ஆண்டுக்குள் வெளியிடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் உள்ள ஆய்வுகூடம் இல்லாமல் பெயர்ப்பலகையில் மட்டும் 1ஏபி என்று எழுதுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

4. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் ஆசிரியர்களை நியமித்து, இங்கேயே இருக்கவையுங்கள். நியமனம் பெற்று வருபவர் இரண்டொரு ஆண்டில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போவதும், நடுவழியில் பாடம் நின்றுபோவதும் எங்களுக்குப் பழகிவிட்டன. பழகியதால் அது சரியாகிவிடாது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜேர்மனிய உதவியோடு நிறுவப்பட்டது, தோட்டப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கத்தான். மலையகத்துப் பிள்ளைகளை ஆசிரியராக்கி மலையகத்திலேயே பணியமர்த்தலாம் என்பதற்கு அதுவே சான்று. அதே வழியில், மலையகத்து விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு ஐந்தாண்டுச் சேவை நிபந்தனையோடு முன்னுரிமை நியமனம் கொடுங்கள். அதுவரை ஒரு வலயத்தின் ஆசிரியர் இரண்டு மூன்று பாடசாலைகளுக்குச் சென்று கற்பிக்கப் பயணச் செலவைக் கொடுங்கள்.

5. சாதாரண தரத்துக்கு முன் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் மூன்றுக்கும் இலவச வார இறுதி வகுப்புகளை நடத்துங்கள். நகரத்துப் பிள்ளை டியூசனில் படிப்பதை எங்கள் பிள்ளையும் எங்கோ ஓரிடத்தில் படிக்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டியதே 2021இல்தான். தோட்டச் சம்பளத்தில் மூன்று பாடத்துக்கு டியூசன் காசு கட்ட முடியாது. மருத்துவமும் துணைமருத்துவப் பட்டப்படிப்புகளும் ஆங்கிலத்தில் நடக்கின்றன; தமிழில் நன்றாகப் படித்து உள்ளே போன பிள்ளையும் முதலாம் ஆண்டில் மொழியால் திணறக்கூடாது. ஆகையால் ஆங்கிலத்தைப் பல்கலைக்கழக வாசலில் ஆரம்பிக்காமல் தரம் 9இல் ஆரம்பியுங்கள்.

6. உயர்தர உயிரியல் படிக்கும் தோட்டப் பிள்ளைகளுக்கு மாதாந்த உதவித்தொகையும் விடுதியும் கொடுங்கள். மகாபொல புலமைப்பரிசில், பல்கலைக்கழகத்துக்குள் போனவர்களுக்கு உதவுகிறது. எங்கள் பிள்ளைகள் பலர் இடைநிற்பதோ அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில். வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடையும் பஸ்ஸுமாக நேரம் போகிறது. லயத்து அறையில் படிக்க இடமில்லை. குறிப்பாக, தனியே பயணம் செய்யத் தயங்கும் பெண்பிள்ளைகளுக்கு, மேற்பார்வையுள்ள விடுதி இல்லையென்றால் உயிரியல் பிரிவு இருந்தும் இல்லாததுதான். பயன்படுத்தப்படாமல் கிடக்கும் தோட்டக் கட்டடங்களை விடுதியாக மாற்றித் தருவது கம்பனிகளின் பங்கு.

7. எங்கள் மாவட்டங்களுக்குரிய பல்கலைக்கழக இடங்கள் எங்கள் பிள்ளைகளுக்கே போய்ச்சேர வழி செய்யுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தேசியத் தகுதி அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்த 16இல் அடக்கம். சலுகை பின்தங்கிய மாவட்டத்துக்கு என்றால், அது அந்த மாவட்டத்தில் உண்மையாகப் படித்த பிள்ளைக்குத்தான். பெயரை மட்டும் பதிந்துகொண்டு வேறிடத்தில் படிப்பவர்கள் இந்த இடங்களை எடுத்துக்கொள்வது பற்றி மலையகம் பேசிப் பேசி அலுத்துவிட்டது. பாடசாலை வரவுப் பதிவைச் சரிபார்த்துவிட்டே மாவட்டத் தகுதியை ஏற்க வேண்டும். அடுத்த விண்ணப்பக் காலத்துக்கு முன் இந்த நடைமுறை வர வேண்டும்.

8. தாதியர் பயிற்சியையும் வர்த்தமானி அறிவித்தல்களையும் எங்களுக்கு எட்டும்படி செய்யுங்கள். தாதியர், குடும்ப நல உத்தியோகத்தர் முதலிய பயிற்சிகளுக்கு ஆட்சேர்ப்பு அறிவித்தல் வர்த்தமானியில் வந்து, விண்ணப்ப நாளும் முடிந்த பிறகே பல தோட்டங்களில் செய்தி தெரியவருகிறது. ஒவ்வொரு அறிவித்தலும் அதே நாளில் தமிழில் எல்லாத் தோட்டப் பாடசாலைகளுக்கும், பிரதேச செயலகங்களுக்கும், தோட்ட வைத்தியசாலைகளுக்கும் போக வேண்டும். படிவம் நிரப்ப ஓர் அலுவலர் இருக்க வேண்டும். மலையகத்துக்குள்ளேயே தமிழ்மொழிமூலத் தாதியர் பயிற்சிக்கு இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். நெஞ்சுவலி எங்கே, எப்போதிருந்து என்று நோயாளி தன் மொழியில் சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் பணியில் இருப்பது சலுகைக் கணக்கில் வராது. அது சரியான சிகிச்சையின் பகுதி.

9. உயர்தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் சுகாதாரத் துறையில் வழி வையுங்கள். பரீட்சையில் தவறிய பிள்ளை கொழும்புக் கடைக்கோ, வீட்டு வேலைக்கோ போவதுதான் இன்றைய நடைமுறை. நோயாளர் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளில் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) சான்றிதழ்ப் பயிற்சி ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பலாங்கொடையிலும் கிடைக்க வேண்டும். அந்தச் சான்றிதழிலிருந்து மேலே போகும் படிகளையும் தெளிவாக எழுதிவையுங்கள். வெளிநாட்டில் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களும் பயிற்சியோடு போனால் பாதுகாப்பாக உழைப்பார்கள்.

10. ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுங்கள். தோட்டப் பாடசாலைகளிலிருந்து எத்தனை பேர் உயிரியல் பிரிவில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள், எத்தனை பேர் மருத்துவ பீடத்துக்கும் பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் தாதியர், துணைமருத்துவக் கற்கைகளுக்கும் தாதியர் பயிற்சிக்கும் தெரிவானார்கள் என்பதை வலயவாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். எண்ணிக்கை வெளியே வந்தால்தான் எந்தக் கோரிக்கை நிறைவேறியது, எது கோப்புக்குள் தூங்குகிறது என்று தெரியும்.

இந்தச் சாசனத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளை அதிகம் பேசுகிறோம், ஏனென்றால் அவர்களே மிகவும் பின்னால் நிறுத்தப்பட்டவர்கள். ஆனால் தோட்டத்தை ஒட்டிய சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும், சிறு நகரத்து முஸ்லிம் பிள்ளைக்கும், உடல் ஊனத்தோடு படிக்கும் பிள்ளைக்கும் இதே அறிமுகமும் இதே உதவியும் கிடைக்க வேண்டும். ஒரே வைத்தியசாலைக்கு எல்லோரும் போகிறோம். அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பணியாற்ற வேண்டும்.

காலவரையறையையும் நாங்களே சொல்கிறோம். முதலாம், இரண்டாம், எட்டாம் கோரிக்கைகளின் அறிமுக வாரம், வைத்தியசாலை நாள், தமிழ் அறிவித்தல் ஆகியவை மூன்று மாதத்துக்குள் தொடங்கக்கூடியவை. வார இறுதி வகுப்பு, உதவித்தொகை, என்.வி.கியூ. பயிற்சி, வரவுப் பதிவுச் சரிபார்ப்பு, ஆண்டுக் கணக்கு ஆகியவற்றுக்கு ஓராண்டு போதும். ஆய்வுகூடம், ஆசிரியர், விடுதி, மலையகத்துக்குள் தாதியர் பயிற்சி ஆகியவை மூன்றாண்டில் முடிய வேண்டும். எங்கள் பங்குக்கு, பிள்ளைகளைத் தவறாமல் வகுப்புக்கு அனுப்புவோம்; படித்து வேலைக்குப் போனவர்களைப் பாடசாலைக்கு அழைத்து வருவோம்; ஒவ்வொரு தவணை முடிவிலும் வலயக் கல்விப் பணிமனையில் முன்னேற்றத்தைக் கேட்போம்.

இந்த ஆண்டு தரம் 9இல் இருக்கும் பிள்ளை இன்னும் நான்கு ஆண்டுகளில் தரம் 13க்கு வந்துவிடும். அதன் காலம் எந்தக் குழுவின் அறிக்கைக்காகவும் காத்திருக்காது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே ஒரு திகதியையும், பொறுப்பான ஓர் அதிகாரியின் பதவியையும் எழுதி, பதிலை எழுத்தில் தாருங்கள்.