கண் ஊசியும் கம்பெனிகளின் விலையும்

நீரிழிவு நோய் கண்ணையும் விட்டுவைப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்து நின்றால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசிகின்றன. கசிந்த நீர் தேங்கி விழித்திரையின் மையப்பகுதி வீங்குகிறது. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகம் தெரிவதும் அந்த இடத்தால்தான். தையல் தொழிலாளிக்கும் லாரி டிரைவருக்கும் அது கெட்டால் பிழைப்பே கெட்டது. வலி இல்லாததால் பலர் காலம் கடந்தே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

இதற்கு வைத்தியம் உண்டு. கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தும் மருந்து கசிவை அடக்குகிறது. ஆனால் ஓர் ஊசியோடு தீரும் காரியமல்ல இது. அமெரிக்காவில் 660 நோயாளிகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2015ல் முடிவு வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் 9 அல்லது 10 ஊசிகள் தேவைப்பட்டன. இரண்டாம் ஆண்டிலும் 5, 6. பிறகு குறையலாம், பரிசோதனை நிற்காது. நடுவில் விட்டால் வீக்கம் திரும்பிவிடும்.

கூலிக்காரன் கணக்கைப் பாருங்கள். ஊசி போட்ட அன்று வேலை இல்லை. துணைக்கு வருபவருக்கும் இல்லை. 10 ஊசி என்றால் 20 நாள் கூலி போயிற்று. பஸ் கட்டணம் தனி. இதன் மேல்தான் மருந்தின் விலை!

அந்த விலையில் நடக்கும் கூத்தைச் சொல்ல வேண்டும். ரானிபிசுமாப், பெவாசிசுமாப் இரண்டும் ஒரே கம்பெனியில் உருவானவை. முன்னது கண்ணுக்கென்று விற்கப்பட்டது. பின்னது புற்றுநோய் மருந்து, கண்ணுக்கும் பயன்படுவதை டாக்டர்கள் கண்டார்கள். இத்தாலியில் அப்போது பின்னதன் ஊசி அதிகபட்சம் 81 யூரோவாகவும், முன்னது சுமார் 900 யூரோவாகவும் இருந்தது. மலிவு மருந்தை ஆபத்தானதாகக் காட்டி மக்களை விலை உயர்ந்த மருந்தின் பக்கம் தள்ளினார்கள் என்று அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2014ல் ரோஷ், நோவார்ட்டிஸ் கம்பெனிகளுக்கு 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது.

மலிவு மருந்தே எல்லோருக்கும் போதும் என்று நாம் வாதிடவில்லை. பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு முதல் ஆண்டில் விலை உயர்ந்த அஃப்ளிபெர்செப்ட் மேலாக இருந்தது உண்மை. ஆனால் அத்தகையவர்களுக்கே பெவாசிசுமாப்பில் தொடங்கி, போதாதபோது மாற்றிப் பார்த்தார்கள். 100க்கு 70 கண்களுக்கு மாற்ற நேர்ந்தது. எனினும் இரண்டாண்டுப் பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022ல் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2013லேயே பெவாசிசுமாப்பைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்தாகச் சேர்த்துவிட்டது.

பெரிய குப்பியிலிருந்து சிறு அளவுகளாகப் பிரிக்கும்போது கிருமி புகுந்தால் உள்ள பார்வையும் போகும். அந்த வேலையைக் கண்ட இடத்தில் செய்ய விடக்கூடாது. அரசு தன் பொறுப்பில், தூய்மையான கூடங்களில் செய்ய வேண்டும்.

இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். கண் ஊசி அப்படி வராது. நோயாளிதான் போயாக வேண்டும். ஆகவே மாத்திரை வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள் அனைத்திலும் இந்த ஊசி, எத்தனை ஆண்டு தேவையோ அத்தனை ஆண்டும், இலவசமாகக் கிடைக்க வேண்டும். போதாதவர்களுக்கு விலை உயர்ந்த மருந்தை அரசே மொத்தமாகப் பேரம் பேசி வாங்கித் தர வேண்டும். ஊசிக்கு வரும் நாளின் கூலியையும் ஈடுகட்ட வேண்டும் என்று கோருகிறோம்.