நிலமே இல்லாத பூமியில் பருவமழை பெய்யுமா?

தென்மேற்குப் பருவமழை ஏன் வருகிறது? பள்ளியில் படித்த பதில் பலருக்கு இன்னும் மறந்திருக்காது. கோடையில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து ஈரக்காற்று ஓடிவரும். மெரினாவில் சாயங்காலம் வீசும் கடற்காற்றின் ராட்சத வடிவம், அவ்வளவுதான். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே எட்மண்ட் ஹாலி 1686இல் முன்வைத்த விளக்கம் இது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் உதைக்கிறது. மத்திய இந்தியாவில் நிலம் உச்சமாகக் கொதிப்பது மே மாதத்தில். மழை கொட்டும் ஜூலையில் நிலம் குளிர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நல்ல மழை பெய்த ஆண்டுகளைவிட வறட்சி ஆண்டுகளில்தான் நிலம் அதிகச் சூடாக இருக்கிறது. சூடுதான் மழையை இழுக்கிறது என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்சன் 1921இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சுலோச்சனா காட்கில் இன்னொரு பதிலுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றியிருக்கும் மழைமேகப் பட்டை, கோடையில் வடக்கே ஏறி இந்தியா மேல் வந்து நிற்பதுதான் பருவமழை என்பது அவர் தரப்பு.

யார் சொல்வது சரி என்று எப்படிச் சோதிப்பது? நிலத்தைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நிஜ பூமியில் முடியாது, கணினியில் முடியும். காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் விதிகளைச் சமன்பாடுகளாக எழுதி ஓடவிடுவதுதான் காலநிலை மாடல். அதில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது.

சிமோனா போர்டோனி, டாப்பியோ ஷ்னைடர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். கண்டங்கள் இல்லை, மலை இல்லை, முழுக்கத் தண்ணீர் போர்த்திய ஒரு பூமி. அந்தத் தண்ணீரும் ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழம்தான். விளைவு என்ன? நிலமே இல்லாமல் பருவமழை வந்தது. அதுவும் நிஜத்தைப் போலவே, மெல்ல மெல்ல அல்லாமல், சட்டென்று காற்றின் போக்கு மாறி மழைப் பட்டை இடம்பெயர்ந்தது. தண்ணீரை ஆழமாக்கியதும் அந்த வேகம் போய்விட்டது. அப்படியானால் நிலத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அது வெப்பத்தைத் தேக்கி வைக்காமல், பருவம் மாறியதும் உடனே மாறிக்கொள்வதுதான் அந்த வேலை. கடலோடு இருக்கும் வெப்ப வித்தியாசம் இதற்குக் கட்டாயமில்லை.

பாடப்புத்தகங்களின் இன்னொரு நாயகன் திபெத் பீடபூமி. உயரத்தில் சூடாகி மழையை இழுக்கிறது என்பார்கள். வில்லியம் பூஸ், ஜிமிங் குவாங் 2010இல் வேறு வழியில் போனார்கள். மற்றதையெல்லாம் அப்படியே விட்டு, பீடபூமியை மட்டும் தட்டையாக்கி, இமயமலையை ஒல்லியான சுவராக நிறுத்தினார்கள். தெற்காசியப் பருவமழை பெரிதாக அசையவில்லை. வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்றைத் தடுக்கும் சுவர் இருந்தாலே போதுமாம்.

இதற்காகப் பெரிய மாடல்கள் வீண் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாளைக்குத் தாம்பரத்தில் மழையா என்று தண்ணீர்ப் பூமியிடம் கேட்க முடியாது. அதற்கு மேகம், மலை, கடல் என்று அத்தனையும் உள்ள மாடலும், அதை ஓட்ட சூப்பர் கம்ப்யூட்டரும் வேண்டும். புனேயிலும் நொய்டாவிலும் 2024இல் அர்கா, அருணிகா வந்தது நல்ல செய்திதான். 2025இல் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது.

சிக்கல், இந்த மாடல்கள் தவறும்போது தொடங்குகிறது. உலகின் பல காலநிலை மாடல்கள் இந்திய நிலப்பரப்பில் உண்மையைவிடக் குறைவான மழையையே காட்டுகின்றன. எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கும் இடத்தில் கோளாறு எங்கே என்று தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. அமெரிக்க விஞ்ஞானி ஐசக் ஹெல்ட் 2005இல் எழுதிய கட்டுரையில் உயிரியலைக் காட்டினார். மனிதனைப் புரிந்துகொள்ள அவர்கள் பாக்டீரியா, பழ ஈ, எலி என்று படிப்படியாக ஏறுகிறார்கள். காலநிலைக்கும் அப்படி ஓர் ஏணி வேண்டும் என்றார்.

விஷயம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. பூமி சூடாகும்போது கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகிறது. பழைய விளக்கத்தை நம்பினால், பருவக்காற்று இனி பலமாகும் என்றே முடிவுக்கு வருவோம். பெரும்பாலான மாடல்கள் காட்டுவது வேறு: காற்றோட்டம் தளர்கிறது, ஆனால் சூடான காற்று அதிக ஈரம் சுமப்பதால் மழை கூடுகிறது. இந்த இழுபறியில் எது எவ்வளவு ஜெயிக்கும் என்பதைப் பொறுத்துத்தான் அணையின் கொள்ளளவும் மழைநீர் வடிகாலின் அகலமும் தீர்மானமாக வேண்டும்.

இங்கே அறிவிப்புகள் எல்லாம் கணினியின் வேகத்தைப் பற்றியே வருகின்றன. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு, சாதாரண லேப்டாப்பில் ஓடும் எளிய மாடல்களோடு மல்லுக்கட்டும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் போக வேண்டும். பாடப்புத்தகக் குழுக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடற்காற்று உவமைக்குப் பக்கத்திலேயே நாக்பூரின் மே, ஜூலை வெப்பநிலைகளை அச்சிட்டு, ஏன் இப்படி என்று பிள்ளைகளிடமே கேட்கலாம்.