எதை நூறாக வைத்து வரைந்தார்கள்?

2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. விவரங்கள் வெளியானதும் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் வண்ண வண்ணப் பட்டை வரைபடங்கள் குவியும். அப்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது, எதை நூறாக வைத்து வரைந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

2011 கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். பட்டதாரிகளைத் தலை எண்ணி மதவாரியாகப் பட்டை வரைந்தால், முஸ்லிம்களின் பட்டை ஜைனர்களுடையதைப் போல நான்கு மடங்கு உயரும்: சுமார் 47 லட்சம் பேர், 11 லட்சம் பேர். 'நன்றாகத்தானே படித்திருக்கிறார்கள்' என்று பார்ப்பவர் நினைப்பார். ஆனால் முஸ்லிம்கள் 17 கோடி. ஜைனர்கள் 45 லட்சம்கூட இல்லை. ஒவ்வொரு சமூகத்தையும் தனித்தனியே நூறாக வைத்து, ஒரே உயரப் பட்டைகளாக நிறுத்தி, உள்ளே எழுத்தறிவில்லாதோர், பள்ளிப் படிப்பு, பட்டம் என வண்ணம் பிரித்தால் காட்சி தலைகீழாகிறது. ஜைனர்களில் நூற்றுக்கு 25-க்கு மேல் பட்டதாரிகள். இந்துக்களில் 6. நம்மில் 3-க்கும் குறைவு.

ஃபராயிள் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று என்றால், எதில்? அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மிஞ்சியதில். மொத்தம் எதுவென்று தீராமல் பங்கு பேச முடியாது.

மதரஸா விஷயத்திலும் இந்தக் குழப்பம்தான். மதரஸா மாணவர்களை நூறாக வைத்தால் ஏறத்தாழ எல்லோரும் முஸ்லிம்கள். பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளை நூறாக வைத்தால், 2006-ல் சச்சார் குழு சொன்னபடி, மதரஸா செல்வோர் சுமார் 3 பேர்தான். முதல் கணக்கைக் காட்டியே எத்தனை தொலைக்காட்சி விவாதங்கள்!

நமது மேடைகளிலும் ஓர் எண் சுற்றுகிறது: முஸ்லிம்களில் 42.7 சதவீதம் எழுத்தறிவற்றோர். அதில் 6 வயது வரையுள்ள குழந்தைகளும் அடக்கம். நம்மில் குழந்தைகளின் விகிதம் அதிகம் என்பதால் எண் ஊதிவிடுகிறது. 7 வயது முதல் எடுத்தால் நம்மில் 31.5, இந்துக்களில் 26.7. இடைவெளி அப்போதும் இருக்கிறது. ஆனால் ஊதிய எண்ணோடு போனால், எதிர்வாதம் செய்பவர் அதைப் பிடித்துக்கொண்டு நியாயமான கோரிக்கையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

தமிழ்நாட்டில் 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அன்சார், தக்னி, துதேகுலா, ராவுத்தர்-மரைக்காயர் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது என ஏழு பிரிவுகள் அந்தப் பட்டியலில். பலன் எவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்றறிய, ஒவ்வொரு பிரிவையும் நூறாக வைத்த தனிப் பட்டை வேண்டும். 'இஸ்லாத்தில் சாதியில்லை, முஸ்லிம் என்று மட்டும் சொல்வோம்' என்று சிலர் சொல்கிறார்கள். சமத்துவம் மார்க்கத்தின் கட்டளை. அதில் பேச்சே இல்லை. ஆனால் அரசுச் சான்றிதழில் ஏற்கெனவே எழுதி வாங்கிய பெயரைக் கணக்கெடுப்பாளரிடம் சொல்லாமல் விட்டால், துதேகுலா வீட்டுப் பிள்ளையின் நிலையும் மரைக்காயர் வீட்டுப் பிள்ளையின் நிலையும் ஒரே பட்டைக்குள் கலந்துபோகும். கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வருமுன் ஜமாஅத்துகள் இதைப் பேசி முடிவு செய்துவிட வேண்டும்.