அக்சென்ட் குறியை வேர்டு போட்டுவிடுமா?

பிரெஞ்சு படிக்கும் மாணவர்களிடமும் அந்த மொழியில் கடிதம் தட்டச்சு செய்யும் அலுவலகங்களிலும் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. எழுத்தின் தலையில் வரும் அக்சென்ட் குறிகளுக்காக மெனக்கெட வேண்டாம், வெறும் ரோமன் எழுத்தாக அடித்துக்கொண்டே போனால் வேர்டின் ஆட்டோ கரெக்டும் ஸ்பெல் செக்கும் பார்த்துக்கொள்ளும் என்பதே அது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 'மிகவும்' என்று பொருள்படும் 'த்ரே' என்ற சொல்லைக் குறியில்லாமல் அடித்தால், அப்படியொரு சொல்லே பிரெஞ்சில் கிடையாது. எனவே மென்பொருள் அதைத் திருத்திவிடும், அல்லது சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். ஆனால் இப்படிப்பட்ட சொற்களில் குறி விடுபட்டாலும் பொருள் கெடுவதில்லை. குறி இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும் இடங்களில்தான் மென்பொருள் கைவிடுகிறது.

'அல்லது', 'எங்கே' இரண்டுக்குமே பிரெஞ்சுச் சொல் 'ஊ'. எழுத்துகளும் அவையே. 'எங்கே'யில் மட்டும் இரண்டாம் எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக இறங்கும் சிறு கோடு உண்டு. கோட்டை விட்டுவிட்டால் ஸ்பெல் செக் வாய் திறக்காது, ஏனென்றால் கோடில்லாததும் சரியான சொல்தான். ஆட்டோ கரெக்ட் பட்டியலில் 'எப்போதும் கோடு போடு' என்று சேர்த்தாலோ, கடிதத்தில் உள்ள 'அல்லது' எல்லாம் 'எங்கே' ஆகிவிடும். மீனவரைக் குறிக்கும் சொல்லும் பாவியைக் குறிக்கும் சொல்லும் அதே ஏழு எழுத்துகள். முதல் 'ஈ'யின் மேல் கூரை போன்ற குறி இருந்தால் மீனவர், வலப்பக்கம் ஏறும் கோடு இருந்தால் பாவி. குறியே இல்லாமல் அடித்தால் இந்த இரண்டில் எது என்று மென்பொருள் ஊகிக்க வேண்டியதுதான்.

இப்போதைய இலக்கணச் சரிபார்ப்பான்கள் பக்கத்துச் சொற்களையும் பார்க்கின்றனவே என்று கேட்கலாம். வினைச்சொல்லா முன்னிடைச்சொல்லா என்ற அளவில் அவை நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. ஆனால் 'ஏழை மீனவர்', 'பாவப்பட்ட பாவி' இரண்டுக்கும் பிரெஞ்சில் முன்னால் வரும் சொல் ஒன்றே, இலக்கணமும் ஒன்றே. சூழலைப் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார் என்ற சமாதானமும் நீண்ட பத்திக்குத்தான் பொருந்தும். செய்தித் தலைப்பில் கடைசி எழுத்தின் குறி விழுந்தால் 'போலீஸ்காரர் கொல்லப்பட்டார்' என்பது 'போலீஸ்காரர் கொல்கிறார்' ஆகிவிடும். குடும்பப் பெயர்களில் நிலைமை இன்னும் மோசம். 'லெஃபெவ்ர்' என்ற பெயரைக் குறியோடு எழுதும் குடும்பங்களும் உண்டு, குறியில்லாமல் எழுதும் குடும்பங்களும் உண்டு. எந்த அகராதியும் இதைச் சொல்லித் தராது. ஒருவர் பெயரைத் தப்பாக எழுதிய கடிதத்தை அவர் கையில் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

கையால் போடுவது கஷ்டம் என்ற வாதத்துக்கு வருவோம். வேர்டில் கண்ட்ரோல் விசையோடு ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தி, பிறகு எழுத்தை அடித்தால் ஏறும் கோடு விழும். கண்ட்ரோலோடு காற்புள்ளியை அழுத்தி 'சி' அடித்தால் அதன் அடியில் வால் வரும். விசைப்பலகையை 'யு.எஸ். இண்டர்நேஷனல்' அமைப்புக்கு மாற்றிக்கொண்டால் கண்ட்ரோலும் தேவையில்லை, குறியை அடித்துவிட்டு எழுத்தை அடித்தால் போதும். விரலுக்குப் பழகிவிட்டால், மென்பொருள் எங்கே தப்பு செய்தது என்று திரும்பிப் போய்த் தேடுவதைவிட இது வேகமானது.

கடைசியாக, பெரிய எழுத்துகளுக்குக் குறியே வேண்டாம் என்கிறார்கள். இது கருவியின் குறை விதியாக வேடம் போட்ட கதை. பிரான்சின் வழக்கமான விசைப்பலகையில் குறியிட்ட சிறிய எழுத்துகளில் பல எண் வரிசையிலேயே இருக்கின்றன, அவற்றின் பெரிய வடிவங்களுக்கு நேரடி விசை இல்லை. அதனால் அவற்றை விட்டுவிடும் வழக்கம் நிலைத்தது. பெரிய எழுத்திலும் குறிக்கு முழு மதிப்பு உண்டு என்பதே பிரெஞ்சு அகாதமியின் நிலைப்பாடு. பிரான்சின் தரநிலை அமைப்பான அஃப்நோர் 2019இல் வெளியிட்ட விசைப்பலகைத் தரநிலையும் அந்த எழுத்துகளை எளிதில் அடிக்க வழி செய்திருக்கிறது.