மிருதங்கத்துக்கு இரண்டு மைக்

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அரக்கோணத்துக்கு முழு அமைதி என்பது கிடையாது. இங்கே வீட்டில் வாத்தியம் பதிவுசெய்ய ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குகிறவர் முதலில் மயங்குவது 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணில். வீண் மயக்கம். சிடியே 44.1-இல்தான் ஓடுகிறது, ரயில் ஹாரனை எந்தப் பெட்டியும் சுத்தமாகப் பிடித்துத் தரும்!

எண்ண வேண்டியது மைக் துளைகளை. மிருதங்கத்தில் வலந்தலையின் கணீர்ச் சாப்பு ஒரு பக்கம், ரவை அப்பிய தொப்பியின் கும்கி மறுபக்கம். நடுவில் ஒரே மைக் வைத்தால் இரண்டும் குழைந்துவிடும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் மைக் வழி ஒன்றுதான், டூ-ஐ-டூவில் இரண்டு. அந்த ஒரு துளைக்காகக் கூடுதல் காசு தாராளமாகக் கொடுக்கலாம்.

கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பொத்தான் கட்டாயம்.

நாதஸ்வரம் வேறு கதை. கெயின் குமிழைக் கிட்டத்தட்ட அடிவரை இறக்க வேண்டியிருக்கும். 24 பிட்டில் பதிந்தால் அளவு சற்றுத் தாழ்ந்தாலும் பிறகு தூக்கிக்கொள்ளலாம். சிவப்பு விளக்கு எரிந்து உடைந்த ஒலியைச் சீராக்குவது பெரும்பாடு.

மிச்சக் காசில் ஜன்னலுக்குக் கனத்த ஜமக்காளம். பதிவு ராத்திரி பதினொன்றுக்கு மேல். சரக்கு ரயில் போனால் இன்னொரு டேக்.