முதலில் அனுப்பியவர்

ஆடித்தபசு இரவில் சங்கரன்கோவிலிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வாட்ஸப் வழியே எத்தனை படங்கள், எத்தனை வீட்டுக் கதைகள்! மறையாக்கத்தின் காரணமாக அவற்றை நிறுவனமேகூடப் படிக்க இயலாது.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இதில்தான் கைவைத்தன. கடுங்குற்ற விசாரணையில் உரிய ஆணை பிறந்தால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரை நிறுவனம் காட்டித்தர வேண்டும். அரசின் கவலை பொய்யன்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். ஆயினும் எச்செய்தி நாளை வதந்தியாகும் என்று யாரறிவார்? எல்லாவற்றிலும் அடையாளம் பொறிக்க நேரும். சிங்கப்பூரிலிருந்து வரும் பதிலிலும்தான்.

நம்மை மிகவும் உறுத்துவது அவ்விதியின் ஒரு துணைவாசகம். செய்தி அயல்நாட்டில் பிறந்திருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே மூல அனுப்புநராகக் கருதப்படுவார். துபாயிலிருக்கும் மகன் யோசியாமல் தட்டிவிட்டதை உறவினர் குழுவில் பகிரும் தாய், சட்டத்தின் கண்ணில் அதன் கர்த்தா!

மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டு வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் தில்லி உயர்நீதிமன்றத்தில் வாட்ஸப் கூறியது. நிறுவனத்துக்குப் போக வேறு நாடுகள் உண்டு. விதியை முற்றிலும் கைவிட மனமில்லையெனில், அந்தத் துணைவாசகத்தையாவது அரசு நீக்கட்டும் என்கிறோம்.